சித்தாரைக் கூப்பிடும் முன் சுருதியைப் பேசிவிடுங்கள்

லண்டனில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை இது: "எங்கள் பாட்டு அறுபதுகளின் சைக்கெடெலிக் ஃபோக் (கனவுமயமான ஒலிகள் கலந்த நாட்டுப்புறப் பாணி) மாதிரி. கடைசியில் கொஞ்சம் சித்தார் தூவிவிடலாமா?" கிட்டாரும் குரலும் பதிவாகி முடிந்த பிறகுதான் கேட்பார்கள். கோளாறே அங்கேதான்.

ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தோடு சேர்ந்து வாசிப்பதற்காகக் கிட்டார் தந்திகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றிக் கட்டினார். டி-யை ஷட்ஜமாக, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ச'-வாக, வைத்துப் பாடிப் பாருங்கள்: ச ப ச ம ப ச. மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிக்கும் காந்தாரமே ('க') இல்லை. அதனால் கிட்டார் முந்திக்கொள்ளாது. அதை மெட்டு சொல்லிக்கொள்ளும். 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' என்ற ஐரிஷ் பாடலை இந்தச் சுருதியில் அவர் வாசித்தது ஆலாபனை போல விரிந்ததில் ஆச்சரியமில்லை. அந்த மெட்டு நம் ஹரிகாம்போதி ராகத்தின் ஸ்வரங்களில் போகிறது. கரகரப்ரியா, நடபைரவி ஸ்வரங்களில் போகும் பழைய மெட்டுகளும் பிரிட்டன், அயர்லாந்து தீவுகளில் ஏராளம். அடியில் ஒரு தம்புரா ஓடினால் அவற்றுக்கு எந்தச் சங்கடமும் கிடையாது.

சங்கடம் கார்டுகளால், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவதால், வருகிறது. தம்புராவின் மந்தர (கீழ்) ஷட்ஜத்தில் அந்தர காந்தாரம், அதாவது மேஜர் காந்தாரம், தானாக ஒலிக்கும் என்பது நமக்குத் தெரியும். கிட்டாரின் மேஜர் கார்டில் உள்ள காந்தாரம் அதைவிட சுமார் 14 சென்ட் கூடுதல். அரை ஸ்வரம் என்பதே 100 சென்ட்தான். இரண்டும் சேர்ந்தால் ஒலி அலை அலையாக அடிக்கும். மிக்ஸில் இதைச் சரிசெய்ய முடியாது. கிட்டார்காரரிடம் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடச் சொல்வேன், அவ்வளவுதான். இன்னொன்று: தம்புரா டிராக்கில் நாய்ஸ் ரிடக்ஷன் போடாதீர்கள். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் தரும் அந்த ரீங்காரத்தையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் துடைத்துவிடும்.

சித்தார் பெரும்பாலும் ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு (சி ஷார்ப், டி-க்கு அரை ஸ்வரம் கீழே) கட்டியிருக்கும். பாடகர் நாலரைக் கட்டையில் (எஃப் ஷார்ப்) பாடி வைத்துவிட்டு அதற்கு ஏற்றச் சொன்னால் தந்திதான் அறும். டி-யில் வாசிக்கும் கிட்டாரை அரை ஸ்வரம் இறக்குவது சில நிமிட வேலை. சித்தாரில் வாசிக்கும் தந்திகளுக்குக் கீழே தானாக அதிர்ந்து ஒலிக்கும் தரப் தந்திகள் பத்துக்கு மேல் உண்டு. எல்லாவற்றையும் பாட்டின் ஸ்வரங்களுக்கே சேர்க்க வேண்டும். நடுவில் பாட்டு வேறு கீ-க்கு (சுருதிக்கு) தாவினால் அவை பழைய ஷட்ஜத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறை என்றால் சேர்த்த சுருதியும் நிற்காது. ஸ்டுடியோ வாடகையில் இந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பெயர் விஷயம் ஒன்று பாக்கி. 1967-இல் இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் என்ற ஃபோக் குழுவின் ஆல்பத்தில் சித்தாரும் தம்புராவும் வாசித்தவர் இசை ஆய்வாளர் நசீர் ஜைராஸ்பாய். அட்டையில் 'சோமா' என்ற புனைபெயர்தான் இருக்கிறது. அதே ஆண்டு பீட்டில்ஸ் ஆல்பத்தில் வாசித்த இந்தியக் கலைஞர்களுக்கு அட்டையில் பெயரே இல்லை. அவர்கள் யார் என்று தெரியவர அரை நூற்றாண்டு ஆனது. வாசிக்கப் போகும் கலைஞர்களுக்குச் சொல்கிறேன்: சம்பளம் பேசும்போதே பெயர் எப்படி வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஃபைல் கைமாறிய பிறகு யாரும் போனை எடுப்பதில்லை.