சர்ச்சைத் தலைவர் வந்தால் கட்சி என்ன ஆகும்? ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

தொடர்ந்து தோற்றுவரும் ஒரு கட்சி, பாதிப்பேர் கொண்டாடிப் பாதிப்பேர் வெறுக்கும் ஒருவரைத் தலைவராக்கினால் என்ன ஆகும்? பிழைத்து எழுமா, இன்னும் சீக்கிரம் மூழ்குமா? வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். டிவி விவாதங்களில் இதற்கு உடனே பதில் கிடைத்துவிடும். அவரவர் ஆசையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அரசியல் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அதுதான் என்பதால், அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிதானமாகவே சொல்லப் போகிறேன்.

முதலில் பலருக்கும் தெரிந்த பகுதி. எல்லா வாக்காளர்களையும் அவரவர் கருத்துப்படி 0 முதல் 100 வரையிலான ஒரு கோட்டில் நிற்க வையுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் நிற்கும் கட்சிக்கு ஓட்டுப் போடுவார். இரண்டே கட்சிகள் என்றால், வரிசையின் நட்டநடுவில் நிற்கும் வாக்காளர் யார் பக்கமோ அவருக்கே வெற்றி. பொருளாதார அறிஞர்களான டங்கன் பிளாக் 1948-லும் அந்தோணி டவுன்ஸ் 1957-லும் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். சரி, அப்படியானால் தோற்ற கட்சி நடுவை நோக்கித்தானே நகர வேண்டும்? ஓரத்தில் நிற்பவரைத் தேடிப் பிடித்து ஏன் தலைவராக்குகிறார்கள்?

ஒரு காரணம் நிகழ்தகவில் இருக்கிறது. பல கட்சிகள் மோதும் களத்தில் நம் கட்சி 25 சதவீத வாக்கில் கிடக்கிறது, ஜெயிக்க 35 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வம்பில்லாத தலைவர் வந்தால் வாக்கு 25-ஐ ஒட்டியே இருக்கும், திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து முடிவு வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 3. சர்ச்சைக்காரர் வந்தால் எதிர்பார்க்கும் சராசரி 23-க்கு இறங்கும், ஆனால் திட்டவிலக்கம் 10. நடுவில் குவிந்து இரு பக்கமும் மெலியும் மணி வடிவப் பரவலை, அதாவது இயல்நிலைப் பரவலை, வைத்துக் கணக்கிட்டால், முதலாமவர் 35-ஐத் தொட இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. இரண்டாமவருக்கு ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று. சராசரியில் மட்டமானவர்தான், ஆனால் ஜெயிக்க ஏதாவது வழி இருந்தால் அது அவரிடம்தான் இருக்கிறது. கூடவே, கட்சி 15 சதவீதத்துக்கும் கீழே சரிய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பும் அவரோடு சேர்ந்து வருகிறது. ஆகவே மூழ்கிக்கொண்டிருக்கும் கட்சி ஏடாகூடமான ஆளைத் தேர்ந்தெடுத்தால், அதைப் புத்தி கெட்ட செயல் என்று உடனே சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் கழித்துப் பார்க்க வேண்டும். கட்சிகள் பொதுவாகத் தலைவரை மாற்றுவது அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான். அந்தப் படுதோல்வியில் கொஞ்சம் தற்செயலான கெட்ட நேரமும் கலந்திருக்கும். கெட்ட நேரம் அப்படியே திரும்ப வராது என்பதால், யார் தலைவரானாலும் அடுத்த முறை எண்கள் சற்று ஏறவே செய்யும். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் கண்ட விஷயம் இது. சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். ஏறிய அந்த நாலு சதவீதத்தைப் பார்த்துப் புதியவருக்கு ‘ராசியான தலைவர்’ என்று பட்டம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பரிகாரம் விற்பவர்கள் காலங்காலமாகப் பிழைப்பதும் இதே ஓட்டையில்தான். ஒருவர் படுமோசமான நிலையில் இருக்கும்போது எதைச் செய்யச் சொன்னாலும், பெரும்பாலும் நிலைமை தானாகவே கொஞ்சம் தேறும். பெயர் பரிகாரத்துக்குப் போய்விடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மேலே போட்ட கணக்கெல்லாம், கட்சி அப்படியே இருக்கும், தலைவர் மட்டும் மாறுவார் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கட்சிக்கு வாசல் உண்டு. புதியவர் வருகிறார் என்றதுமே சிலர் உள்ளே நுழைகிறார்கள், சிலர் வெளியேறுகிறார்கள். நுழைகிறவர்களும் வெளியேறுகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் கிடையாது. எல்லா வினையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சியில் 9 உறுப்பினர்கள். நம் கோட்டில் அவர்கள் நிற்கும் இடங்கள் 20, 25, 30, 35, 40, 45, 50, 55, 60. இடைநிலை ஆள், அதாவது வரிசையின் நட்டநடுவில் இருப்பவர், 40-இல் நிற்பவர். தலைவர் பதவிக்கு இருவர் போட்டி: 45-இல் நிற்கும் நிதானக்காரர், 25-இல் நிற்கும் அதிரடிக்காரர். இருவருக்கும் நடுப்புள்ளி 35. அங்கே நிற்பவருக்கு இருவரும் ஒரே தூரம் என்பதால் அவர் ஓட்டுப் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் போட்டால் நிதானக்காரர் 5–3 என்று எளிதாக ஜெயிக்கிறார்.

இப்போது வாசலைத் திறந்து வையுங்கள். அதிரடிக்காரர் போட்டியிடுகிறார் என்று கேள்விப்பட்டு, இதுவரை ஒதுங்கியிருந்த நாலு பேர் வந்து சேர்கிறார்கள்: 10, 15, 20, 25. மறுபடி எண்ணினால் அதிரடிக்காரருக்கு 7, நிதானக்காரருக்கு 5. தலைவர் மாறிவிட்டார். பழைய உறுப்பினர் ஒருவர்கூடத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது வெளியேற்றம். தலைவரிடமிருந்து 25 புள்ளிகளுக்கு மேல் விலகி நிற்பவர்களுக்குப் பொறுக்காது என்று வைத்தால், 55-உம் 60-உம் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் 11 பேர்: 10, 15, 20, 20, 25, 25, 30, 35, 40, 45, 50. நடு ஆளைத் தேடுங்கள். ஆறாவது ஆள், 25. தலைவர் நிற்கும் அதே இடம்!

எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது. தலைவர் ஓர் அடிகூட நகரவில்லை, கட்சி அவர் காலடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. முன்பு கட்சியின் மையமாக இருந்த 40-ஆம் புள்ளிக்காரர், பேச்சை ஒரு வார்த்தைகூட மாற்றாமல், 11 பேரில் ஒன்பதாவதாகத் தள்ளப்பட்டுவிட்டார். ஆறு மாதம் முன்பு கட்சியின் பொதுக்கருத்தாக இருந்தது இப்போது கோஷ்டிக் கருத்து. நிதானக்காரர் மறுபடி போட்டியிட்டால் இம்முறை 7–3 என்று தோற்பார். 55-உம் 60-உம் கோபித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த இரண்டு ஓட்டாவது கிடைத்திருக்கும். தலைவரை எதிர்த்து ஓட்டுப் போடக்கூடியவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள். ஒவ்வொரு வெளியேற்றமும் அடுத்த உட்கட்சித் தேர்தலை அவருக்கு இன்னும் எளிதாக்குகிறது. இதற்கிடையில் பொதுத்தேர்தலின் நடு வாக்காளர் 50-இலேயே நிற்கிறார். அதே 50-இல் நின்று அவரோடு பேசக் கட்சியில் மிச்சம் ஒரே ஒருவர்.

இந்த ‘போகிறவர்கள்’ சங்கதியை முதலில் ஆழமாக யோசித்தவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர். அவருக்குப் பொறி தட்டியது நைஜீரிய ரயில்வேயைப் பார்த்தபோது. வடக்கே விளைந்த நிலக்கடலையை நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது ரயிலுக்கு ஏற்ற வேலை. ஆனாலும் சரக்கு லாரிக்குப் போனது, ரயில்வேயோ திருந்தவில்லை. போட்டி வந்தால் நிறுவனம் திருந்தும் என்றுதானே பாடம்? ஹிர்ஷ்மன் 1970-இல் சொன்ன விளக்கம் இது: சேவை சரியில்லை என்று சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் சத்தம் போடவில்லை. வெளியேற வழி இருந்ததே குரலைக் கொன்றுவிட்டது. கட்சிகளுக்கும் இது பொருந்தும் என்று அவரே காட்டினார்.

நிஜ உலகில் இந்தச் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பிரிட்டனின் தொழிற்கட்சியில் பார்க்கலாம். 2015 மே மாதம் பொதுத்தேர்தலில் தோற்று 232 இடங்களோடு நின்றது. தலைவர் எட் மிலிபாண்ட் விலகினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கட்சி விதியை மாற்றியிருந்தது. உறுப்பினராக இல்லாவிட்டாலும், ஆதரவாளர் என்று பதிவு செய்துகொண்டால் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அந்த ஆண்டு அதற்குக் கட்டணம் வெறும் 3 பவுண்டு. தன் கட்சிக் கொறடாவையே நூற்றுக்கணக்கான முறை மீறி வாக்களித்த இடதுசாரி ஜெரமி கோர்பின் களத்தில் இறங்கினார். போட்டியிட 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டும். கெடு முடியும் கடைசி நிமிடங்களில் 36 சேர்ந்தது. கையெழுத்துப் போட்ட சிலர், அவர் ஜெயிக்க வேண்டும் என்று போடவில்லை. விவாத மேடையில் எல்லாத் தரப்பும் இருக்கட்டுமே என்று போட்டார்கள். செப்டம்பரில் அவர் முதல் சுற்றிலேயே 59.5 சதவீதம் வாங்கினார். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: முழு உறுப்பினர்களிடம் அவருக்கு 49.6 சதவீதம், 3 பவுண்டு கட்டியவர்களிடம் 83.8.

2016 ஜூனில் அவருடைய எம்.பி.க்களே 172–40 என்று நம்பிக்கையில்லை என வாக்களித்தார்கள். அவர் விலகவில்லை. செப்டம்பரில் மறுபடி தேர்தல் வைத்தார்கள், இம்முறை 61.8 சதவீதம். நம் தாளில் நிதானக்காரர் இரண்டாவது முறை தோற்றாரே, அதே கதை. 2015 தொடக்கத்தில் 2 லட்சத்தை ஒட்டி இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அதற்குள் 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அப்புறம் பொதுத்தேர்தல்கள்: 2017-இல் 40 சதவீத வாக்கு, 262 இடங்கள், ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது. 2019-இல் 32.1 சதவீதம், 202 இடங்கள். 1935-க்குப் பிறகு அவ்வளவு குறைவாக அந்தக் கட்சி வென்றதில்லை. ஏறக்குறைய இரண்டரை ஆண்டில், ஒரே தலைவர், நாம் முதலில் பார்த்த அகன்ற பரவலின் இரண்டு பக்கங்களும்.

வெளியேறுகிறவர்களுக்குப் போக இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். இதே கட்சியில் 1980-இல் இடதுசாரியான மைக்கேல் ஃபுட் தலைவரானபோது, அடுத்த ஆண்டே மூத்த தலைவர்கள் நாலு பேர் பிரிந்துபோய்ச் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். 1983 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 27.6 சதவீதம், புதுக்கட்சியும் லிபரல்களும் சேர்ந்த கூட்டணிக்கு 25.4. இடங்களோ 209-க்கு 23! தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி என்ற முறைதான் பழைய கட்சியைக் காப்பாற்றியது. பிரான்சில் அந்தக் காப்பு இல்லை. 2017-இல் சோஷலிஸ்ட் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய, உறுப்பினர் அல்லாதவர்களும் ஓட்டுப் போடக்கூடிய திறந்த முதனிலைத் தேர்தலில் கட்சிக்குள் கலகக்காரராக அறியப்பட்ட பெனுவா அமோன் ஜெயித்தார். அதிபர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 6.4 சதவீதம்; வாக்காளர்கள் ஒரு பக்கம் நடுவில் நின்ற மக்ரோனிடமும் மறுபக்கம் இடது ஓரத்தில் நின்ற மெலன்ஷோனிடமும் போய்விட்டார்கள். அதே ஆண்டில் கட்சி தன் பாரிஸ் தலைமை அலுவலகத்தையே விற்றது. ஆட்சியிலிருந்தபோதே அந்தக் கட்சி சரிந்துவிட்டது என்பதால் பழி முழுவதையும் அமோன் மேல் போட முடியாது. ஆனால் இரு பக்கமும் வாசல் திறந்திருந்தால் கட்சி எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தக் கணக்கை உண்மைத் தரவோடு சோதிக்க, ஒரே ஆட்களிடம் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இவர் மனம் மாறினாரா, அல்லது இவர் போய் வேறொருவர் வந்தாரா என்று வேறு எப்படியும் பிரித்தறிய முடியாது. அமெரிக்காவில் 1948 முதலும் பிரிட்டனில் 1960-கள் முதலும் தேர்தல் ஆய்வுகள் நடந்து தரவு பொதுவில் கிடைப்பதால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு நிதி கேட்டால் ‘இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது’ என்று கையை விரிப்பவர்கள், தேர்தல் நேரத்தில் ஒரு வாரத்தில் காலாவதியாகும் கணிப்புகளுக்குக் கொட்டும் பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஜனநாயகத்தின் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று அறியப் பொதுப்பணம் செலவழிப்பது வீண் என்று யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டியதில்லை.

ஆக, கேள்வி கேட்ட வாசகருக்கு: புதிய தலைவர் வந்த முதல் சில மாதக் கருத்துக்கணிப்புகளை நம்பாதீர்கள், அதில் ஒரு பங்கு வெறும் சராசரிக்குத் திரும்புதல். யார் சேர்கிறார்கள், யார் போகிறார்கள், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதியில் யாருக்கு ஓட்டு, இவற்றைப் பாருங்கள். சக்கரம் எதிர்த்திசையிலும் சுற்றும். 2020-இல் கியெர் ஸ்டார்மர், கோர்பின் காலத்து உறுப்பினர்களிடமே ஓட்டுக் கேட்டு, அவர்களுக்குப் பிடித்த கொள்கைகளில் பலவற்றை வாக்குறுதியாகச் சொல்லி, 56.2 சதவீதத்தோடு தலைவரானார். பிறகு மெல்ல நடுப்பக்கம் நகர்ந்தார். இந்த முறை மறுபக்கத்தினர் வெளியேறினார்கள், 2023 முடிவில் உறுப்பினர் எண்ணிக்கை 4 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இதற்கு நடுவில், 2021 மாநாட்டில், கட்சி இரண்டு விதிகளைத் திருத்தியது. தலைவர் பதவிக்குப் போட்டியிட எம்.பி.க்களில் 10 சதவீதத்தினரின் முன்மொழிவு போதும் என்றிருந்ததை 20 ஆக்கியது. பணம் கட்டிப் பதிவுசெய்து ஓட்டுப் போடும் ஆதரவாளர் என்ற வகையையே எடுத்துவிட்டது.