சங்கைத் தேடினால் ஏன் சங்கு கிடைப்பதில்லை?

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார்: "எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. அதைப் பத்தி படிக்கலாம்னு நெட்ல தேடினா பூஜைச் சங்கு விக்கிற கடையும், வலம்புரி வச்சா பணம் கொட்டும்ங்கிற வீடியோவும்தான் வருது. நம்ம கடலைப் பத்தி யாருமே எழுதலையா?"

நிறைய எழுதியிருக்கிறார்கள், தங்கச்சி. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890களிலேயே மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்குக்கென்றே தனி ஆய்வு நூல் வெளியிட்டார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்கு மாறும் முன் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில்தான் இருந்தது. அங்கிருந்தும் கட்டுரைகள் வந்தன. இவற்றில் பல ஸ்கேன் ஆகி இணையத்திலேயே கிடக்கின்றன. (வலம்புரி என்பது சுருள் திசை மாறிப் பிறந்த அபூர்வச் சங்கு, அவ்வளவுதான். அது யாருக்கும் பணம் கொண்டுவராது. விற்பவருக்கு மட்டும் வரும்.)

சிக்கல் பெயரில் இருக்கிறது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் நம் சங்கை 18ஆம் நூற்றாண்டில் 'வால்யூட்டா பைரம்' என்றார். பிறகு 'டர்பினெல்லா ராபா' என்று சிலர் எழுதினார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த கட்டுரைகளில் 'ஸாங்கஸ் பைரம்'. இன்றைய பெயர் 'டர்பினெல்லா பைரம்'. ஒரே உயிரினம்தான். ஆனால் தேடுபொறி பெரும்பாலும் எழுத்தைத்தான் பொருத்திப் பார்க்கும். நீங்கள் 'சங்கு' என்று தட்டினால் 'ஸாங்கஸ்' என்று தலைப்பிட்ட கட்டுரை அசையாமல் கிடக்கும்.

இதற்கு நூலகங்கள் எப்போதோ வழி கண்டுவிட்டன. கேட்டலாக்கில் ஒரு புத்தகத்தின் பதிவு எண்ணிட்ட புலங்களாக, அதாவது கட்டங்களாக, பிரிந்திருக்கும். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் உருவாக்கிய 'மார்க்' முறை அது. 100இல் ஆசிரியர், 245இல் தலைப்பு, 650இல் பேசுபொருள், 651இல் இடம்.

என்னை மயக்குவது இதற்குப் பின்னால் இருக்கும் 'அத்தாரிட்டி ஃபைல்'. அதில் புத்தகங்கள் இல்லை, பெயர்கள் மட்டுமே இருக்கும். கடற்கரையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, வீட்டில் இன்னொன்று இருந்தாலும் ஆதார் எண் ஒன்றுதானே, அந்த மாதிரி. சங்குக்கு ஒரு பதிவு எழுதிப் பார்ப்போம். அதற்கு ஓர் அடையாள எண். 150ஆம் புலத்தில் நூலகம் ஏற்றுக்கொண்ட பெயர்: டர்பினெல்லா பைரம். கீழே 450ஆம் புலம், வேண்டிய அளவு திரும்பத் திரும்ப வரும்: டர்பினெல்லா ராபா, ஸாங்கஸ் பைரம், சாங்க், சங்கு.

இந்த 450ஆம் புலத்து வரிகளை எடுத்து, அதே அடையாள எண்ணைத் தாங்கிய ஒவ்வொரு புத்தகத்தின் தேடல் அட்டவணையிலும் சேர்த்துவிட்டால் போதும். அப்புறம் எந்தப் பெயரைத் தட்டினாலும் எல்லாம் வரும். 'சங்கு' என்ற ஒரு வரியை ஒரு நூலகர் ஒரே ஒரு முறை எழுதுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதிவான ஆங்கில அறிக்கைகூட அன்றிலிருந்து தமிழில் தேடுபவருக்குக் கிடைக்கிறது. அந்த அறிக்கையை யாரும் தொடவில்லை, மொழிபெயர்க்கவில்லை. இதைவிடச் சிக்கனமான தொழில்நுட்பத்தை நான் பார்த்ததில்லை.

இதிலேயே இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. 'ராம்நாடு' என்ற பழைய பெயரை 'ராமநாதபுர'த்துக்கு அப்படியே 451இல் (இடப்பெயர்களுக்கு 450 போன்ற புலம்) போட்டுவிடலாமா? கூடாது. 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராம்நாடு மாவட்டம் உருவானது. 1985இல் அது மூன்றாகப் பிரிந்தது. இடைப்பட்ட காலத்து 'ராம்நாடு' என்றால் சிவகாசியும் காரைக்குடியும் சேர்த்தி. இரண்டையும் ஒன்றாக்கினால் சங்கு தேடுபவருக்குத் தீப்பெட்டித் தொழில் அறிக்கை வரும். 1910க்கு முந்தைய நூல்களோ மதுரை மாவட்டத்தின் பெயரில் இருக்கும். அதனால்தான் 551 என்று தனிப் புலம்: 'இது வேறு, ஆனால் உறவு உண்டு, முந்தைய பெயர், பிந்தைய பெயர்' என்று சொல்லும். தேடல் திரை அவற்றைக் கலக்காமல் 'இதையும் பாருங்கள்' என்று காட்டும்.

இந்தத் தரவு நூலகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கவும் வேண்டியதில்லை. 2001 முதல் மீத்தரவை, அதாவது நூல்களைப் பற்றிய இந்த விவரங்களை, அறுவடை செய்வதற்கென்றே ஒரு பொது நெறிமுறை இருக்கிறது. பல கல்லூரிகள் இலவசமாகப் பயன்படுத்தும் 'கோஹா' நூலக மென்பொருளில் அதை இயக்கிவிட்டால், வெளியிலிருந்து எந்தத் தேடல் தளமும் பதிவுகளை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்குகிறோம், திறப்பு விழா நடத்துகிறோம். ஸ்கேன் செய்ததற்குப் பொருள் தலைப்புக் கொடுக்க ஒரு நூலகருக்குச் சம்பளம் கொடுக்க யோசிக்கிறோம். 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்று 1931இல் விதி எழுதிய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் பிறந்த மாநிலத்தில் பெயரில்லாத பிடிஎஃப்களைக் குவித்து வைப்பது எனக்குத் தாங்கவில்லை.

அந்த மாணவிக்கு: மேலே சொன்ன அறிவியல் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள், இடத்துக்கு ராம்நாடு, மதுரா (மதுரையின் பழைய ஆங்கில எழுத்து), மன்னார் மூன்றையும் போட்டுப் பாருங்கள். அதோடு, சங்கின் அளவுக்கும் படுகைக்கும் குளிக்கும் முறைக்கும் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சொற்களை எழுதி, உங்கள் கல்லூரி நூலகரிடம் கொடுங்கள். 450ஆம் புலத்தில் எத்தனை வரி வேண்டுமானாலும் சேர்க்கலாம்.