அடியில்லாத பெட்டியில் மணல் எப்படி நிற்கிறது?

வீட்டிலேயே அலுமினியம் வார்க்க ஆசைப்படும் ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "மோல்டிங் பெட்டிக்கு அடிப்பலகையே இல்லையே, தூக்கினால் மணல் கொட்டிவிடாதா?" அருமையான கேள்வி. கொட்டும். எனக்குக் கொட்டியிருக்கிறது. மோல்டிங் பெட்டி என்றால் வார்ப்பு அச்சுக்கான மணலை இடித்து நிரப்பும் சட்டம், மேல் பெட்டி, கீழ் பெட்டி என்று இரண்டு இருக்கும். மேல் பெட்டியை ஒரு சாண் தூக்கியதும் நடுவில் தட்டளவு மணல் பொத்தென்று விழுந்து, ஓரத்து மணல் மட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த ஓரத்து மணலில்தான் பதில் இருக்கிறது. ஈரமும் பெண்டோனைட் களிமண்ணும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன, சரி. சட்டத்தோடு பிடித்துவைப்பது எது? மேலிருந்து இடிக்கும்போது துகள்கள் கீழே மட்டும் போவதில்லை, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பக்கவாட்டிலும் போய்ச் சுவரை அழுத்துகின்றன, இடிப்பதை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அழுத்தம் இருந்தால் உராய்வும் இருக்கும். மணல் நழுவப் பார்த்தால் நாலு சுவரும் பிடித்துக்கொள்ளும். தானியக் குதிரில் எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாததை 1895இல் யான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் விளக்கியதும் இதே சுவர் உராய்வை வைத்துத்தான். எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. பள்ளி ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு மணல் பெட்டிக்கும் இடம் கொடுக்கலாம், பிள்ளைகள் உராய்வைக் கையாலேயே தெரிந்துகொள்வார்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். 20 செ.மீ. சதுரப் பெட்டியை, உயரம் மாற்றாமல், 40 செ.மீ. ஆக்கினால் மணலின் எடை 4 மடங்கு, பிடிக்கும் சுவரோ 2 மடங்குதான். நான் செய்த தப்பு அதுதான், பெரிய பெட்டி நல்லது என்று நினைத்துவிட்டேன். பவுண்டரிகளில், அதாவது வார்ப்புப் பட்டறைகளில், பெரிய மேல் பெட்டிக்குள் குறுக்குச் சட்டங்கள் வைப்பது இதனால்தான், நடுவிலும் சுவர் கிடைக்கிறது. நமக்கு, பேட்டர்னை, அதாவது மணலில் பதித்து அச்சு எடுக்கும் மாதிரியை, சுற்றி 4, 5 செ.மீ. மணல் நிற்கும் அளவுக்குப் பெட்டி போதும். உட்பக்கம் சுற்றி அரை அங்குல ரீப்பர் அடித்துவிடுங்கள், மணல் அதில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டிகளைச் சேர்க்கும் பின்களில் ஒன்றை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், அப்புறம் மேல் பெட்டியைத் திசை மாற்றி மூடவே முடியாது.

ஊற்றும்போது மேல் பெட்டி மிதக்கப் பார்க்கும். உருகிய உலோகம் மேல் பெட்டி மணலை 300 சதுர செ.மீ. பரப்பில் தொட்டு, ஊற்றும் துளையில் அந்த மட்டத்துக்கு மேலே 10 செ.மீ. உயரம் நின்றால் அலுமினியம் சுமார் 7 கிலோ எடைக்கு நிகராகத் தூக்கும், பித்தளை 20 கிலோவைத் தாண்டும். மணலின் எடையே சில நேரம் போதும், இருந்தாலும் ஓரச் சட்டத்தின் மேல் இரண்டு செங்கல் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.