இரண்டு வினாடி உறுமி

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம் மூன்று பேர் என் ஒலிக்கூடத்துக்கு வந்தார்கள். அண்ணன், தம்பி, அவர்களுடைய அத்தை மகள். யாருக்கும் இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்காது. ஒலிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மேல்மாடி, சுவரெல்லாம் பஞ்சு, ஒரு மைக், ஒரு கணினி. கோயில் திருவிழா அறிவிப்பு, திருமண வாழ்த்துப் பாட்டு, பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் பின்னணி ஆகியவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. எட்டுப் பாடல் கொண்ட முழு ஆல்பம், அதுவும் முழுக்க முழுக்க சின்தசைசரில் செய்த எலக்ட்ரானிக் பாப், அந்தப் படிகளில் ஏறி வந்தது அதுவே முதல் முறை.

மிக்ஸிங்கை அவர்களே முடித்திருந்தார்கள். மாஸ்டரிங், அதாவது வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது, மட்டும் என் வேலை. நான்காவது பாடல் அவர்களுடைய பாட்டியின் ரப்பர் தோட்டத்து நாட்களைப் பற்றியது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, மண்டோர் (கங்காணி) பெயர் கூப்பிடுவது, பால் வாளி, கொசு. இரண்டாம் சரணம் முடிந்ததும் எல்லா ஒலியும் அடங்கி, ஓர் உறுமி மேளம் மட்டும் தனியாக உறுமியது. இரண்டே வினாடி. பிறகு அந்த இரண்டு வினாடியே திரும்பத் திரும்பச் சுழல, அதன்மேல் மற்றக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து ஏறின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நேரம் வயிற்றையும் கலக்கியது. உறுமிக்குப் பின்னால் கேசட் நாடா ஓடும் இரைச்சல் கேட்டது.

“இந்த உறுமியை எங்கிருந்து எடுத்தீர்கள்?”

“வீட்டில் கிடந்த பழைய கேசட், அண்ணே. இரண்டு வினாடிதானே!”

இரண்டு வினாடிதானே என்று எடுத்ததற்காக ஜெர்மனியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்த வழக்கு ஒன்று உண்டு. வேலையை நிறுத்திவிட்டு, கீழேயிருந்து தே தாரிக் தேநீர் வரவழைத்து, அந்தக் கதையைச் சொன்னேன்.

கிராஃப்ட்வெர்க், ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகரத்து எலக்ட்ரானிக் இசைக் குழு. ரால்ஃப் ஹுட்டரும் ஃப்ளோரியான் ஷ்னைடரும் 1970இல் தொடங்கியது. கிளிங் கிளாங் என்று பெயரிட்ட சொந்த ஒலிக்கூடத்தில் அவர்கள் உருவாக்கிய ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ ஆல்பம் 1977இல் வெளிவந்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகளை இணைத்து ஓடிய ரயில் சேவையின் பெயர் அது. ஒரு சுரவரிசையைக் களைப்பின்றித் திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்குவன்சர் கருவியைத் தங்களுக்கென்றே செய்வித்து, அதைக் கொண்டு ரயிலின் ஓட்டத்தைப் பாட்டுக்குள் இறக்கினார்கள். தலைப்புப் பாடல் ஓயும் இடத்தில் மூச்சுவிடாமல் தொடங்குகிறது ‘மெட்டல் அவ்ஃப் மெட்டல்’ என்ற பகுதி. உலோகத்தின்மேல் உலோகம் என்று பொருள். அதன் தாளமும் அப்படித்தான் ஒலிக்கும்.

எங்கள் ஊர் வழியாகவும் ரயில் போகிறது. ஆனால் மின்சார இரட்டைப் பாதை வந்த பிறகு தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் பழைய தடக்-தடக் போய்விட்டது. ரயில் இப்போது வழுக்கிக்கொண்டுதான் போகிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் மேசையைத் தட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

ஆல்பம் வந்தபோது உலகம் எழுந்து நின்று கைதட்டிவிடவில்லை. அதே குழுவின் ‘ஆட்டோபான்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம்வரை ஏறியிருந்தது. இதுவோ 119உடன் நின்றுவிட்டது. ஆனால் நியூயார்க்கின் டிஜேக்கள் இந்த இசைத்தட்டை விடவில்லை. 1982இல் அவர்களில் ஒருவரான ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ பாடல் இந்த ஆல்பத்தின் மெட்டை எடுத்துக்கொண்டது. கவனியுங்கள், இசைத்தட்டிலிருந்து வெட்டி ஒட்டவில்லை, புதிதாக வாசித்தார்கள். அப்படியும் மெட்டுக்கு உரியவர்கள் கிராஃப்ட்வெர்க் என்பதால் பிறகு அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

வழக்கு வந்தது வேறொரு பாட்டினால். 1997இல் மோசஸ் பெல்ஹாம் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளர் ‘மெட்டல் அவ்ஃப் மெட்டல்’ பகுதியிலிருந்து சுமார் இரண்டு வினாடித் தாளத்தை வெட்டி, சற்று வேகம் குறைத்து, ஒரு ராப் பாடலின் அடியில் சுழலவிட்டார். கிராஃப்ட்வெர்க் நீதிமன்றம் போனது. 2008இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், மிகச் சிறிய துண்டானாலும் அது பதிவு செய்தவரின் உழைப்பு என்றது. 2012இல் அதே நீதிமன்றம், அந்த ஒலியை நீங்களே உருவாக்கிக்கொள்ள முடியுமானால் இன்னொருவர் பதிவிலிருந்து எடுக்க உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் கலைஞனின் சுதந்திரத்தை முன்வைத்து அதைத் திருப்பி அனுப்பியது. 2019 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் பரவாயில்லை, தெரிந்தால் எவ்வளவு சிறிய துண்டுக்கும் அனுமதி வேண்டும் என்றது. 2023இல் வழக்கு மீண்டும் அந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே போனது. ஷ்னைடர் 2020இல் காலமாகிவிட்டார். வழக்கு அவருக்குப் பிறகும் நடந்தது.

தம்பிக்காரன் நியாயமான கேள்வி கேட்டான். “உறுமித் தாளம் யாருக்குச் சொந்தம், அண்ணே? மாரியம்மன் கோயிலில் எல்லோரும் அடிப்பதுதானே?”

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தாளம் யாருக்கும் சொந்தமில்லை. வழிவழியாக வந்தது, நீங்களும் அடிக்கலாம், நானும் அடிக்கலாம். ஆனால் அந்தத் தாளத்தை ஒரு நாள், ஓர் அறையில், ஒரு மைக் வைத்து நாடாவில் பிடித்தார்களே, அந்தப் பிடிப்புக்குச் சொந்தக்காரர் உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவைத் தனிப் படைப்பாகவே காண்கிறது. (நம்மவர்கள் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது.) பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவர்தான் அதன் ஆசிரியர். வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கேசட்டின் அட்டையில் 1993 என்று அச்சிட்டிருந்தது. 2043 முடியும்வரை அந்த இரண்டு வினாடி இன்னொருவருடையது.

இதை நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு என் பழைய தப்பு ஒன்றும் காரணம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தம் முதல் பாட்டைக் கொண்டுவந்தார். அதில் ஓடிய கித்தார் துண்டு வாங்கிய சரக்கு இல்லை, யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த திருட்டு மென்பொருளோடு இலவசமாக வந்தது என்று கேட்டவுடனே எனக்குத் தெரிந்தது. கூலியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பாட்டு வெளிவந்து மூன்று வாரத்தில் தளங்களிலிருந்து இறங்கிவிட்டது. அதே துண்டை வைத்து இன்னொருவர் முன்னதாகவே தம் பாட்டின் ஒலி அடையாளத்தைப் பதிவு செய்திருந்தார். ஒலிகளை ஒப்பிடும் தளங்களின் இயந்திரம் இருவரில் பிந்தியவரைத் திருடன் என்று முடிவு செய்துவிட்டது. காணொளிக்காக இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவழித்திருந்தார் அந்த இளைஞர். அதன்பின் அவர் மாடி ஏறவில்லை. அன்றிலிருந்து, ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்காதவர்களின் கோப்பை நான் திறப்பதில்லை. விலைக்கு வாங்கிய லூப் (சுழலவிடும் ஒலித் துண்டு) என்றால் ரசீதும் உரிம விவரமும் வேண்டும்.

கேசட்டை வெளியிட்ட கடை ஈப்போவில் இருந்ததாம். இப்போது அங்கே கைப்பேசி விற்கிறார்கள், பழைய முதலாளியைத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் வாசித்தவரைப் பாட்டி அட்டைப்படத்திலேயே அடையாளம் கண்டுவிட்டார். லிந்தாங்கில் இருக்கிறார், வயது அறுபத்தாறு. போய்ப் பார்த்தோம். பாட்டைக் கேட்டதும், “என் கைதான் இது. தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி” என்றார். பிள்ளைகள் என்னை வெற்றிப் பார்வை பார்த்தார்கள். நான்தான் மூக்கை நுழைத்துக் கெடுத்தேன். வாசித்தவர் மனதார அனுமதித்தாலும் அந்தப் பதிவை எடுத்துக்கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கேசட்டுக்கு வாசித்த அன்று அவருக்குக் கிடைத்தது 30 வெள்ளியும் (ரிங்கிட்) இரண்டு கேசட்டும். “அப்படியானால் இன்னொரு தடவை அடித்துவிட்டால் போயிற்று” என்று எழுந்தார் பெரியவர். ஜெர்மன் நீதிபதிகள் கேட்டதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை பதிவு செய்தோம். மழை பெய்து தோல் தளர்ந்துபோய், இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வளைந்த குச்சி தோலில் உரசும் ஓசை மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றால்தான் முழுதாகக் கிடைக்கிறது என்பதை அன்றுதான் நானும் கற்றேன். வாசிப்பதற்கு முன்பே தாளில் கையெழுத்து வாங்கினோம். வாசித்தவர் பெயர், தேதி, பாடல், கூலி, பாட்டு சம்பாதித்தால் அவருக்கு எத்தனை விழுக்காடு, ஆல்பத்தில் அவர் பெயர் எங்கே வரும். எல்லாம் தமிழில், ஒரே பக்கம். கூலி கொடுத்து ஒருவரிடம் மெட்டமைக்கச் சொன்னால், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை அந்த மெட்டின் உரிமை செய்யச் சொன்னவருக்கே போய்விடும் என்பது நம் சட்டம். நண்பனுக்கு ஐம்பது வெள்ளிக்கு பீட் (பின்னணித் தாள இசை) செய்து கொடுக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை. பெரியவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, “நாற்பது வருஷத்தில் என்னிடம் யாரும் தாள் நீட்டியதில்லை” என்றார். கோபமா, மகிழ்ச்சியா என்று எனக்குப் பிடிபடவில்லை. மெட்டும் பாட்டும் எழுதிய மூவரையும் எம்ஏசிபி என்ற பதிப்புரிமை அமைப்பில் சேரச் சொன்னேன். வானொலியில் ஒலித்தால் எழுதியவர்களுக்கு உரிய பணம் அதன்வழியேதான் வரும்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாட்டு நிமிடத்துக்கு 118 அடி. பெரியவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, காவடிக்கு முன்னால் நடக்கும் தம் நடையில் 112இல் அடித்தார். கணினியில் இழுத்துச் சரிசெய்யலாம் என்றான் அண்ணன். அத்தை மகள் ஒப்பவில்லை. பாட்டையே 112க்கு இறக்கி, தான் மறுபடியும் பாடுவதாகச் சொன்னாள். மூன்று இரவு கூடுதல் வேலை. பெரட்டுக்கு அரைத் தூக்கத்தில் நடந்து போகிறவர்களின் வேகம் அதுதான் என்று கேட்டபிறகு தோன்றியது.

ஆல்பம் வெளிவந்து ஐந்து மாதம் ஆகிறது. கீழ்க்கடைக்காரர் ‘இது பாட்டா, அரிசி ஆலையா’ என்று கேட்டார். கேட்டவர்கள் இன்னும் சில நூறைத் தாண்டவில்லை; அவர்களிலும் பாதி, தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனவர்கள். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, பெரட்டு மணி எங்கே?” என்றாராம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பார்களாம். இப்போது மூவரும் எங்கேனும் ஒரு தண்டவாளத் துண்டு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.