பாரிஸ்டர் – சொல் விளக்கம்

பாரிஸ்டர் என்றால் வக்கீல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதிதான் சரி.

'பார்' என்பது மரத் தடுப்பு. லண்டனில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என நான்கு பழைய சட்டச் சபைகள் இருக்கின்றன. அங்கே மூத்தோரையும் மாணவரையும் பிரித்து வைத்த தடுப்புக்குத்தான் அந்தப் பெயர். படித்துத் தேறியவரை அதனிடம் அழைப்பார்கள். அப்படி அழைக்கப்பட்டவர் பாரிஸ்டர். 1891இல் காந்தி இன்னர் டெம்பிளில் பெற்ற பட்டம் இதுதான்.

இங்கிலாந்தில் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசி, ஆவணம் திரட்டுபவர் சொலிசிட்டர். அவர் இளஞ்சிவப்பு நாடா கட்டி அனுப்பும் வழக்குக் கட்டை வாங்கிப் படித்து, நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர் பாரிஸ்டர்.

அந்த வாதாட்டம் என்னவென்று காட்டியவர் எட்வர்ட் மார்ஷல் ஹால் (1858–1927). 1919 ஜூலையில் லெஸ்டர் அருகே பெல்லா ரைட் என்ற இளம்பெண் சாலையில் செத்துக் கிடந்தார். தலையில் குண்டுக் காயம். அவரோடு போனவர் பச்சை சைக்கிளில் வந்த ஓர் ஆள். சில மாதம் கழித்து அந்த சைக்கிள் கால்வாயிலிருந்து வெளியே வந்தது. துப்பாக்கி உறையும் தோட்டாக்களும் கிடைத்தன. ரொனால்ட் லைட் என்பவர் பிடிபட்டார். முதலில் எல்லாவற்றையும் மறுத்தவர், 1920இல் நீதிமன்றத்தில் சைக்கிள் என்னுடையதுதான், பயந்து எறிந்தேன் என்று ஒப்புக்கொண்டார். ஆக, மிச்சம் நின்றது குண்டு ஒன்றுதான். மார்ஷல் ஹால் அதையே பிடித்துக்கொண்டார்: கிட்டத்தில் நின்று சுட்டிருந்தால் காயம் இதைவிடப் பெரிதாக இருந்திருக்குமே? தூரத்தில் யாரோ சுட்ட ரைபிள் குண்டாக ஏன் இருக்கக்கூடாது? லைட் விடுதலையானார். ஆனால் அதற்கு முன், 1912இல், நஞ்சு வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட செடன் என்பவரை மார்ஷல் ஹாலால் காப்பாற்ற முடியவில்லை. செடன் தானே கூண்டேறிச் சொன்ன சாட்சியம் அவருக்கே கேடாக முடிந்தது.

சரி, தமிழில் எது பொருந்தும்? வக்கீல் அரபியிலிருந்து வந்தது. இலங்கையில் அப்புக்காத்து (பாரிஸ்டர் போன்றவர்), பிறக்கிராசி (சொலிசிட்டர் போன்றவர்) என்று இரு வகையினர் இருந்தனர். இப்போது இருவருக்கும் பொதுவாகச் சட்டத்தரணி என்கிறார்கள். வழக்கறிஞர் நல்ல சொல்; ஆனால் வழக்கை அறிவது சொலிசிட்டரின் வேலையும்கூட. எனக்குப் பிடித்தது வழக்குரைஞர். உரைப்பதுதானே பாரிஸ்டரின் தொழில்! கணவனைக் கொன்ற தீர்ப்பை எதிர்த்துக் கண்ணகி அரசவையில் வாதாடும் சிலப்பதிகாரப் பகுதிக்கே 'வழக்குரை காதை' என்றுதான் பெயர். மொழிபெயர்க்கும்போது தொழிலைக் குறிக்க வழக்குரைஞர் என்றே எழுதலாம். பெயருக்கு முன்னால் பட்டமாக வந்தால் மட்டும் பாரிஸ்டர் அப்படியே இருக்கட்டும்.