கேமரா திரும்பாத பக்கம்

1997 அக்டோபர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு காடு. நள்ளிரவில் கூடாரம் குலுங்குகிறது. உள்ளே படுத்திருந்த மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். ஓடும்போதே அவர்களில் ஒரு பெண் பக்கவாட்டில் எதையோ பார்த்துவிட்டு, "என்ன அது? என்ன அது?" என்று கத்துகிறாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நமக்குக் கிடைப்பது இருட்டும், தாறுமாறாக ஆடும் விளக்கு வெளிச்சமும், மூச்சிரைப்பும்தான்.

அந்தப் பக்கம் நிஜமாகவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். படத்தின் கலை இயக்குநர். உடம்பெல்லாம் வெள்ளை உள்ளாடை, முகத்தின் மேல் இழுத்து மாட்டிய வெள்ளைக் காலுறை. அவரைப் படம் பிடிப்பதுதான் திட்டம். கேமரா வைத்திருந்தவர் ஓடிய ஓட்டத்தில் திருப்ப மறந்துவிட்டார். அந்த மனிதர் மட்டும் ஃபிரேமுக்குள் விழுந்திருந்தால் திரையரங்கு சிரித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விழவில்லை. ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போய்க் காணாமல் போகும் மூவரின் கதையான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' 1999இல் வெளியாகி, உலகம் முழுக்க சுமார் 24.8 கோடி டாலர் வசூலித்தது. காட்டில் படமெடுக்க ஆன செலவு அறுபதாயிரம் டாலரைத் தாண்டவில்லை என்பார்கள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நம்மூரில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பேயை உண்டாக்குவது இருட்டின் வேலை, அதற்குச் செலவில்லை. ஆளை அரள வைப்பதுதான் கஷ்டம். காட்டில் மாட்டிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றிய சின்ன பட்ஜெட் திகில் படங்கள் ஜெயிப்பதும் மண்ணைக் கவ்வுவதும் அந்த ஒரு வேலையில்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2016இல் ஒரு சோதனை நடத்தினார்கள். 45 பேரை உட்காரவைத்து ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். திரையில் பாறைகள் தெரியும். எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின்னதிர்ச்சி. எந்தப் பாறையில் பாம்பு இருக்கும் என்ற வாய்ப்பை ஆராய்ச்சியாளர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கண்ணின் பாவை எவ்வளவு விரிகிறது, உள்ளங்கை எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த வேளையில் மன அழுத்தம் உச்சத்தைத் தொடவில்லை. வாய்ப்பு சரிபாதியாக, ஐம்பதுக்கு ஐம்பதாக இருந்தபோதுதான் தொட்டது. பாம்பு உண்டு என்று தெரிந்துவிட்டால் மனம் ஒருவாறு தயாராகிவிடுகிறது. இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் மூளையால் கணக்கை மூடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இதை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். காலையில் எழுந்தால் கூடாரத்துக்கு வெளியே கற்குவியல்கள். உள்ளூர்ப் பொடியன்களின் சேட்டையாக இருக்கலாம். மரங்களில் குச்சிகளைக் கட்டிச் செய்த மனித உருவங்கள் தொங்குகின்றன. யாரோ கிறுக்கன் செய்ததாக இருக்கலாம். ஒவ்வொரு காட்சியும் பாறையைத் தூக்காமலே அடுத்த பாறையைக் காட்டுகிறது. ரப்பர் உடை போட்ட ஒரு பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் வாய்ப்பு நூறு சதவீதமாகியிருக்கும். உடனே நம் மூளை "இதற்கு எத்தனை கால், எவ்வளவு வேகம், கல்லெடுத்து அடிக்கலாமா" என்று வேலையைத் தொடங்கியிருக்கும். அதுவும் பயம்தான், ஆனால் வேறு ரகம். ஒரு ஆபத்து தொலைவில் இருக்கும்போது மூளையின் முன்பகுதி, அதாவது திட்டமிடுகிற, கற்பனை செய்கிற பகுதி, அதிகம் வேலை செய்கிறது. ஆபத்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் பொறுப்பு நடுமூளைக்குக் கைமாறுகிறது; அது ஓடு, உறை, அடி என்பதைத் தவிர வேறெதுவும் அறியாது. திரைக்குள் விளையாட்டாக ஒரு வேட்டைக்காரப் புள்ளியைத் துரத்தவிட்டு, மூளை ஸ்கேன் எடுத்து 2007இல் இதைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் வரும் ஆபத்தைப் படமெடுக்க மேக்கப் வேண்டும், கிராஃபிக்ஸ் வேண்டும், பணம் வேண்டும். தொலைவில் இருக்கும் ஆபத்து இலவசம்.

காடு என்ற இடம் இதற்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? முதல் காரணம் திசை. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2009இல் ஒரு பழைய நம்பிக்கையைச் சோதித்தார்கள்: வழி தவறியவர்கள் வட்டமடிப்பார்கள் என்பது உண்மையா? பீன்வால்ட் என்ற சமதளக் காட்டில் சிலரை இறக்கி, "நேராக நடந்துகொண்டே இருங்கள்" என்று சொல்லி, ஜிபிஎஸ் மூலம் பின்தொடர்ந்தார்கள். சூரியன் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்த அத்தனை பேரும் வட்டமடித்தார்கள். அவர்களில் சிலர் தாங்கள் வந்த பாதையையே குறுக்கே கடந்தும் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு நடக்கவைத்தபோது இருபது மீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள வட்டங்களும் விழுந்தன. ஒரு கால் மற்றதைவிட நீளம் என்பது போன்ற பழைய விளக்கங்கள் எடுபடவில்லை. 'நேர்' எது என்ற உள்ளுணர்வில் ஒவ்வொரு அடியிலும் சிறுசிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சூரியனோ மலையோ கண்ணில் பட்டால்தான் அது திருத்தப்படுகிறது.

பிளேர் விட்ச் படத்தின் மிகக் கொடூரமான காட்சி எது என்று என்னைக் கேட்டால், ஒரு நாள் முழுக்கத் தெற்கே நடந்துவிட்டு, முன்பு கடந்த அதே மரக்கட்டைக்கே மூவரும் வந்து நிற்பார்களே, அதைத்தான் சொல்வேன். ரத்தம் இல்லை, பேய் இல்லை, ஒரு மரக்கட்டை. ஜெர்மன் காட்டில் நடந்ததும் இதேதான். ஆனால் ஒரு விஷயம்: படத்தில் அவர்கள் கையில் திசைகாட்டி இருக்கிறது. திசைகாட்டி வைத்திருப்பவர் வட்டமடிக்கக் கூடாது. அப்படியானால் இவர்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லையா, இல்லை காடே வேறு ஏதோ செய்கிறதா? மறுபடியும் ஐம்பதுக்கு ஐம்பது.

இரண்டாவது காரணம் காது. ஒலி இடமிருந்து வருகிறதா வலமிருந்து வருகிறதா என்பதை, அது இரு காதுகளையும் அடையும் நேர வித்தியாசத்தைக் கொண்டு மூளை கணிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி நொடியில் முக்கால் பங்கைத் தொடாது. நேர் முன்னால் வரும் ஒலிக்கும் நேர் பின்னால் வரும் ஒலிக்கும் இந்த வித்தியாசம் பூஜ்யம்தான். தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் முன்னா பின்னா என்று தெளிகிறோம். காட்டில் அடிமரங்கள் ஒலியைச் சிதறடிப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இரவில் கண்ணும் கைவிடுகிறது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் கிடையாது. அதனால் ஓரக்கண்ணில் தெரிந்த நிழலை நேராகப் பார்த்தால் அது காணாமல் போய்விடும். பேய்க்கதைகளில் "திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம்" என்ற வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கூடாரக் காட்சியில் இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் செய்தது, குழந்தைகளின் குரல்களைப் பதிவு செய்து இருட்டில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, கூடாரத்தைப் பிடித்து உலுக்கியது. அவ்வளவுதான். நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது விடுதி அறையில், நண்பகலில், மின்விசிறியின் கடகடப்புக்கு நடுவே ஒரு ஓட்டை ஸ்பீக்கரில். "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று எழுந்து போய்விட்டேன். பல வருடம் கழித்து ஒரு மழை இரவில் ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்தபிறகு, தண்ணீர் குடிக்கச் சமையலறைவரை போகவே யோசித்தேன்.

அலறலிலும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. கலிஃபோர்னியப் பேராசிரியர் டேனியல் புளூம்ஸ்டைன் மர்மோட் எனும் மலை அணில் இனத்தை ஆராய்பவர். பிடிபட்ட மர்மோட் குட்டிகளின் அலறல் கேட்பவரை ஏன் உலுக்குகிறது என்று பார்த்தார். தொண்டை தாங்கும் அளவைத் தாண்டிக் காற்று பாயும்போது குரல் ஒழுங்கு கெட்டு, கரகரத்து, திடீரென்று சுருதி தாவுகிறது. பல விலங்குகளின் காதுகளில் இந்த ஒழுங்கின்மை "உயிருக்கு ஆபத்து" என்றே பதிகிறது. பிறகு அவரும் சகாக்களும் 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களை அலசி, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திகில் படங்களில் இத்தகைய கரகரத்த அலறல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். மர்மோட்டைப் படிக்காமலே சினிமாக்காரர்கள் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

நிஜமான அலறலை நடிப்பில் கொண்டுவருவது சிரமம். பிளேர் விட்ச் குழு அதற்குக் குறுக்குவழி ஒன்றைக் கண்டது, கொஞ்சம் இரக்கமில்லாத வழி. எட்டு நாள் படப்பிடிப்பில் நடிகர்கள் மூவரும்தான் கேமராவையும் தூக்கினார்கள். அடுத்த இடத்தை ஜிபிஎஸ் கருவி சொல்லும்; அங்கே ஒரு பெட்டியில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு இருக்கும். ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. நாளாக நாளாகச் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள். இரவுகளில் தூங்கவிடவில்லை. பசியும் தூக்கமின்மையும் எரிச்சலைக் கிளப்ப, சண்டைகள் தாமாகவே வந்தன. சுமார் 20 மணி நேரக் காட்சிகளை வெட்டி 81 நிமிடமாக்கினார்கள். இவ்வளவு பாடுபட்ட கதாநாயகிக்கு அந்த ஆண்டு கிடைத்தது மோசமான நடிகைக்கான ராஸி விருது. நிஜமாக நடுங்குபவரைப் பார்த்தால் சிலருக்கு நடிக்கத் தெரியாதவர் போலத் தெரிகிறது போலும்.

காட்டுக்குப் பதில் கடல் என்றாலும் சூத்திரம் மாறுவதில்லை. 2003இல் வந்த 'ஓப்பன் வாட்டர்' படத்தை எடுத்தவர்கள் கிறிஸ் கென்டிஸ், லாரா லாவ் என்ற கணவன் மனைவி. செலவு சுமார் 1.3 லட்சம் டாலர். முக்குளிக்கப் போன ஒரு தம்பதியைப் படகுக்காரர்கள் எண்ணிக்கைப் பிழையால் நடுக்கடலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். 1998இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுக் கடலில் நிஜமாகவே இப்படி நடந்தது. சுறாக்களுக்கு கிராஃபிக்ஸ் கட்டுப்படியாகாது என்பதால் பஹாமாஸ் கடலில் உண்மைச் சுறாக்களையே பயன்படுத்தினார்கள். மற்றதைப் பௌதிகம் பார்த்துக்கொண்டது. கழுத்துவரை நீரில் மிதப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் போகும் படகின் அடிப்பகுதி மறையத் தொடங்கிவிடும். கீழே என்ன போகிறது என்பதும் தெரியாது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்துவதால், வெதுவெதுப்பான கடலிலும் மணிக்கணக்கில் கிடந்தால் உடல் குளிரத் தொடங்கும். இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். வனாந்திரத்தில் மாட்டியவர்களைக் கடித்துக் குதறும் மிருகத்தைவிட, வழுக்கி விழுவதும் மூழ்குவதும் குளிரும்தான் அதிகம் கொல்கின்றன. குளிர் மெதுவானது, பல் இல்லாதது; போஸ்டரில் போட முடியாது.

அப்படியானால் ஒரு கேமராவும் ஒரு காடும் இருந்தால் போதுமா? போதாது. இதே சூத்திரத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் சுவடே இல்லாமல் போயின. நான் பார்த்தவற்றில் பாதி, பயத்துக்கு முன்பே சலிப்பில் செத்தன. திடீர்ச் சத்தம் ஒன்றுக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுவது அனிச்சைச் செயல். அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நரம்புகள் பழகிவிடும். நான்காவது முறை கிளை முறியும்போது நாம் பாப்கார்னைத் துழாவிக்கொண்டிருப்போம். இன்னொரு பக்கம், ஒன்றுமே நடக்காவிட்டால் பாம்புக்கான வாய்ப்பு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். டென்மார்க்கில் ஒரு பேய்வீட்டுக்குள் 110 பேரை அனுப்பி, இதயத்துடிப்பை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: பயம் மிகக் குறைந்தாலும் ரசனை இல்லை, மிகக் கூடினாலும் இல்லை, நடுவில் ஒரு மேடு. அந்த மேடு ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 24.8 கோடி டாலர் வசூலித்த அதே படத்துக்குத் திரையரங்கிலிருந்து வெளியே வந்த அமெரிக்க ரசிகர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் வெறும் சி பிளஸ். சிலருக்குப் பயத்துக்கு முன் வாந்தியே வந்தது. கேமரா ஆடுவதாகக் கண் சொல்ல, உடம்பு நாற்காலியில் அசையாமல் இருப்பதாக உட்காது சொல்ல, கப்பல் பயணத்தில் வரும் அதே குமட்டல்.

விளம்பரத்தையும் மறந்துவிடக் கூடாது. இணையம் குழந்தையாக இருந்த காலம் அது. இந்த மூவரும் நிஜமாகவே காணாமல் போனவர்கள் என்று ஒரு வலைத்தளம் கதைவிட்டது; சன்டான்ஸ் திரைப்பட விழாவில் "காணவில்லை" நோட்டீஸ் ஒட்டினார்கள். படத்துக்கு உள்ளே இருந்த ஐம்பதுக்கு ஐம்பதை வெளியேயும் கொண்டுவந்த தந்திரம் இது, ஒரு முறைதான் பலிக்கும். 2000இல் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் இரண்டாம் பாகம் வந்தபோது, எல்லாம் கட்டுக்கதை என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பணம் இருந்ததால் ரத்தத்தையும் காட்டினார்கள். வசூல் முதல் பாகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

முதல் படத்தின் முடிவை மாற்றவும் முயன்றார்கள். கடைசிக் காட்சியில் அந்த மூவரில் ஒருவன் பாழடைந்த வீட்டின் மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்பான்; கேமரா கீழே விழும்; படம் முடிந்துவிடும். படத்தை வாங்கிய ஆர்ட்டிசன் நிறுவனத்தாருக்கு இது புரியவில்லை. வேறு முடிவுகளை எடுக்கச் சொன்னார்கள். அவன் தூக்கில் தொங்குவது போல, பெரிய குச்சி உருவத்தில் அறையப்பட்டது போல என்று எடுத்தும் பார்த்தார்கள். கடைசியில் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பேட்டியை மட்டும் சேர்த்தார்கள்: முன்னொரு காலத்தில் இங்கே ஒருவன் குழந்தைகளைக் கொல்லும்போது, ஒரு குழந்தையை மூலையில் சுவரைப் பார்த்து நிற்கவைப்பான் என்று. பேட்டி ஓடுவது சில நொடிகள்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, அந்த மூலையில், மூவரில் அந்த ஒருவனுடைய முதுகு தெரிகிறது.