தள்ளிப்போடுவது வேறு, ஒத்திவைப்பது வேறு

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள்: ‘ஒத்திவைப்பை வெல்வது எப்படி?’ பக்கத்தில் இருந்தவர் என்னிடம் மெதுவாக, “எந்தக் கேஸுங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ‘புரொக்ராஸ்டினேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது எத்தனையாவது முறையோ.

மூலம் எளிது. லத்தீனில் ‘க்ராஸ்’ என்றால் நாளை, ‘ப்ரோ’ என்றால் முன்னே. நாளைக்கு நகர்த்துவது, அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

சரி, ஒத்திவைப்பில் என்ன குறை? நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்கிறது, சபாநாயகர் பேரவையை ஒத்திவைக்கிறார், மழையென்றால் தேர்வை ஒத்திவைக்கிறார்கள். அதில் அதிகாரம் உள்ள ஒருவர், ஒரு காரணம், ஓர் அறிவிப்பு, பெரும்பாலும் அடுத்த தேதி எல்லாம் உண்டு. வருமான வரிக் கணக்கைக் கடைசி நாள் ராத்திரி பதினொரு மணி வரை தொடாமல் வைத்திருப்பவன் எதை ஒத்திவைத்தான்? செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யாவிட்டால் கெடுதல் என்றும் தெரியும், ஆனாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்த்துகிறான். அதற்குத் தள்ளிப்போடுவது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோமே, அப்புறம் எதற்கு நீதிமன்றத்துச் சொல்?

இன்னொரு கூட்டம் ‘சோம்பல்’ என்று எழுதுகிறது. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார். ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்’ (605). மடி என்பது சோம்பல். நெடுநீர் என்பது விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு. இவற்றோடு மறதியும் தூக்கமும் சேர்த்து, கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலங்கள் நான்கு என்று எண்ணியே சொல்கிறார், இவர்கள் இரண்டை ஒன்றாக்குகிறார்கள். தள்ளிப்போடுகிறவன் சும்மாவும் இருப்பதில்லை, அந்த ஒரு வேலையைத் தவிர அலமாரி அடுக்குவது வரை எல்லாம் செய்வான்.

‘தாமதம்’ என்பதும் பொருந்தாது. ரயில் தாமதமாக வரும், தள்ளிப்போடாது. அடுத்தவரை அலையவிட்டால் இழுத்தடிப்பது, கோப்பை மூலையில் போட்டுவிட்டால் கிடப்பில் போடுவது. இத்தனை நுணுக்கமாகத் தமிழ் பிரித்துவைத்திருக்க, மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

வினையாக ‘தள்ளிப்போடு’, பெயராக ‘தள்ளிப்போடுதல்’. ‘நாள் கடத்துதல்’ என்றும் எழுதலாம், லத்தீன் மூலத்துக்கு அது இன்னும் நெருக்கம். செறிவாக வேண்டும் என்பவர்கள் நெடுநீரை எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் திரையில் ‘வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை விடுவது எப்படி?’ என்று இருந்திருந்தால் பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்டிருக்கவே மாட்டார்.